கீறாத சில்லு

பேசக் கூடாது, நடக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அதை உள்ளேயே அமுக்கிவிட வேண்டும். ஊசி ஓட ஆரம்பித்துவிட்டால் தரமணியில் இருக்கும் அந்த நிலவறை ஆய்வுக்கூடத்தில் இதுதான் சட்டம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியதே அங்கே டெக்னீஷியனாக இருக்கும் குமுதவல்லிதான், பதினொரு வருஷமாக வந்தவர் போனவரையெல்லாம் "ஷ்ஷ்" என்று அதட்டியதும் அவள்தான், இன்றைக்கென்று பார்த்து அவளுக்கே வாய் அரித்தது. ஏதாவது பேசினால் தேவலை, மழை வருமா என்று கேட்டால்கூடப் போதும். பம்புகளைக்கூட நிறுத்தியாயிற்று. அவற்றின் உறுமல் நின்ற பிறகு வருகிற அமைதி இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல, தன் நெஞ்சு அடிக்கிறது தனக்கே கேட்கும், பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்குமோ என்று பயம் வரும். பக்கத்தில் இருந்தவள் ஷமீனா, வாணியம்பாடிப் பெண், ஆராய்ச்சி மாணவி, நாலு வருஷ உழைப்பு இந்த ஒரு சில்லில் வந்து நிற்கிறது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரலே வெளுத்துப்போயிருந்தது. பின்னால் பேராசிரியர் ஞானசுந்தரம், செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு, மூச்சு விடுகிறாரா இல்லையா என்று தெரியாமல் நின்றார். மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்தார்கள், மூன்று பேரும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் படம் சுத்தமாக வரட்டும் என்று வேண்டினார்கள். குமுதவல்லி மட்டும், கடவுளே, அழுக்காக வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

சில்லு என்றால் அரை விரல் நீளம்கூட இல்லாத சிலிக்கான் துண்டு. அதைக் காற்றே இல்லாத கலத்துக்குள் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, வெள்ளை வெளேரென்று பழுக்கவிட்டு, பிறகு மெல்ல ஆறவிட்டால், மேல்முகத்து அணுக்கள் தாமாகவே ஜோடி ஜோடியாகச் சேர்ந்து மக்காச்சோளக் கதிரில் மணிகள் மாதிரி வரிசை கட்டி நிற்கும். அதற்கு மேலே தொட்டும் தொடாமலும் ஒரு ஊசி ஓடும், அது தடவிப் போகிற ஒவ்வொரு தடவைக்கும் திரையில் ஒரு வரி விழும், ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரி விழுந்தால் ஒரு படம், இருபது நிமிஷம் பிடிக்கும். அந்த வரிசைகளின் மேல்தான் ஷமீனா எட்டே அணு அகலத்தில் ஒரு கம்பி வரையப்போகிறாள். எல்லாம் நடக்கும், ஆனால் அந்தச் சில்லு எஃகைத் தொட்டிருக்கக் கூடாது. எஃகில் நிக்கல் இருக்கிறது. எஃகு பட்ட இடத்தில் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொள்கிற அந்த நிக்கல், சூட்டில் சில்லுக்குள் போய் ஒளிந்துகொண்டு, ஆறும்போது மேலே வந்து, ஜோடிகளைப் பிடுங்கி எறிந்து, வரிசைக்குக் குறுக்கே கருப்புக் கருப்பாகக் கோடு கிழித்துவிடும். சில்லைப் பிடித்திருக்கும் தாங்கியிலும் ஒட்டிக்கொள்ளும், அதோடு அடுத்த சில்லும் போச்சு. ஆய்வுக்கூடத்தில் அதைத் தீட்டு என்பார்கள். "யாரும்மா தீட்டு பண்ணினது?" என்று ஞானசுந்தரம் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள், குமுதவல்லியும் சிரிப்பாள், அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த சகாயம் மட்டும் சிரிக்காமல் பம்பைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவன் ஏன் சிரிக்கவில்லை என்று அன்றைக்கெல்லாம் அவள் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள், இந்த நேரத்தில்தானா யோசிக்க வேண்டும் என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது. நாலு மாசத்துக்கு முன்னால் அந்தக் கருப்புக் கோடுகள் வந்தன. ஒன்றல்ல, தொடர்ந்து மூன்று சில்லுகளில். எது, யார், எப்படி என்று ஞானசுந்தரம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார், அப்போது குமுதவல்லி சொன்னாள், "சகாயம் ட்ரேல ஒரு எஃகு இடுக்கி இருந்துச்சு சார்." பொய் இல்லை. இருந்தது. பம்பில் இருக்கும் பொடித் திருகாணிகளை எடுக்க அவன் வைத்திருந்தது. அவ்வளவுதான் அவள் சொன்னது, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாசம் சகாயத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆறு வருஷம் வேலை பார்த்தவன் ஒரு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான்.

கோட்டுப் பையில் அது இருந்தது. தொடையில் உறுத்தியது. காலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், உறுத்தாது, ஆனால் நகர்த்தினால் தரையில் அதிர்வு, அதிர்வு படத்தில் விழும், குமுதவல்லி மேடமே கால் ஆட்டுகிறாள் என்று ஷமீனா பார்ப்பாள். பேனா மாதிரி இருக்கும் ஒரு ஸ்க்ரைபர், பிடி எஃகு, முனையில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வைரத்துணுக்கு. சில்லின் இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி ஒன்றுபோல இருக்கும், எது மேல் எது கீழ் என்று மறந்துபோகும், அதனால் பின்முகத்தின் ஓரத்தில் அவள் சாய்வாக ஒரு கீறு கீறி வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாகக் கண்டுபிடித்த வழி, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "அக்கா கையெழுத்துப் போட்டாச்சா? அப்ப சில்லு பாஸு" என்பான் சகாயம். இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு, புதுத் தாங்கி, புது இடுக்கி, இரண்டரை மாசமாகக் கழுவிக் கழுவிச் சுட்டெடுத்த கலம் என்று எல்லாம் தயாராக இருந்தபோது, முனையை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஏதோ தோன்றி லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். வைரம் இல்லை. வைரம் இருந்த குழி இருந்தது, குழியைச் சுற்றி மழுங்கிப்போன எஃகு விளிம்பு, அதில் சாம்பல் நிறத்தில் சிலிக்கான் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது கல் விழுந்த பிறகும் அதால் கீறியிருக்கிறாள். எத்தனை தடவை? மூன்று சில்லு. மூன்றேதான். அப்போது அறையில் யாரும் இல்லை. வெளியே ஷமீனா யாரிடமோ போனில், "இன்னிக்குத்தாம்மா, துவா செய்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குமுதவல்லி ஸ்க்ரைபரைப் பைக்குள் போட்டாள். கீறாமலேயே சில்லைத் தாங்கியில் ஏற்றினாள். கை நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கு இப்போது பயமாக இருந்தது, எவ்வளவு நிதானமாகச் செய்தாள், திருடப் பழகினவள் மாதிரி.

முதல் முப்பது வரிகளில் ஒன்றும் தெரியாது. ஊசி நிலைக்கு வருவதற்குள் எல்லாம் மசமசவென்றுதான் இருக்கும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அந்த மசமசப்புக்குள் கருப்பைத் தேடினாள். அதோ ஒன்று இருட்டாகத் தெரிந்தது. இல்லை, அழிந்துவிட்டது. கணக்கு சுலபமானது, ஒரு தடவை போட்டால் போதும், ஆனால் மனசு அதைத் திருப்பித் திருப்பிப் போட்டது. இன்றைக்குக் கீறவில்லை. தாங்கியும் இடுக்கியும் புதுசு, செய்முறை மட்டும் வழக்கம்போல. கோடு வந்தால், தீட்டு வேறு எங்கிருந்தோ வருகிறது, கலத்திலிருந்தோ கழுவுகிற தண்ணீரிலிருந்தோ, அப்படியென்றால் அவள் தப்பித்தாள். கோடு வராவிட்டால் அவள் கீறல்தான். ஆனால் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சகாயம் போனான், சுத்தம் வந்தது, அவ்வளவுதான். யாரும் ஸ்க்ரைபரைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கைக்குட்டையில் சுற்றி ஒரு வீசு வீசினால், அந்தக் கருப்புத் தண்ணீரில் அது என்றைக்கும் கிடைக்காது. நினைத்த மாத்திரத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர்கூடக் கண்ணில் தெரிந்தது, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றுகூடத் தெரிந்தது, அடிப் பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். "அந்த இடுக்கியால நான் சில்லத் தொடலக்கா. உங்களுக்குத் தெரியாதா?" அன்றைக்குச் சகாயம் அப்படித்தான் கேட்டான், சண்டை போடாமல், மாடிப்படியில் இரண்டு படி கீழே நின்றுகொண்டு. தூத்துக்குடிக்காரன், கோபம் வந்தால் ஊரே கேட்கிற மாதிரிக் கத்துகிறவன், அன்றைக்கு ஏனோ கத்தவில்லை. உங்களுக்குத் தெரியாதா. அவள் என்ன பதில் சொன்னாள்? "சார்தான் முடிவு பண்ணுவாரு சகாயம்" என்றாள். அது பதிலா? பதிலில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை போன் செய்தான். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கேட்டிருக்கிறானாம், அவர்கள் ஞானசுந்தரத்திடம் விசாரித்தார்களாம், "நல்ல பையன், ஆனா கை சுத்தம் போதாது" என்று அவர் சொல்லிவிட்டாராம், இதெல்லாம் வேறு ஆள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த மூன்று தடவையும் அவள் போனை எடுக்கவில்லை. போன மாசம் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் அவன் பெண்டாட்டி மெர்சி எதிரே வந்துவிட்டாள். ஓடி ஒளியலாம் என்று பார்த்தால் அதற்குள், "அக்கா, நல்லா இருக்கீங்களாக்கா? உங்களப் பத்தித்தான் அவுக எப்பவும் பேசுவாவ" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையில் கோபமே இல்லை. அவன் அவளிடம் சொல்லவில்லை. யார் பேர் சொன்னது என்று வீட்டில்கூட அவன் சொல்லவில்லை.

நூறாவது வரியைத் தாண்டும்போது வரிசைகள் தெரிய ஆரம்பித்தன. ஷமீனாவின் மூச்சு ஒரு கணம் நின்று திரும்ப வந்தது. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல் என்று சாய்வாக, ஒழுங்காக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று. அங்கங்கே ஒரு ஜோடி இல்லாமல் ஓட்டை, அது எந்தச் சில்லிலும் இருப்பதுதான், அது கோடு இல்லை. குறுக்கே வர வேண்டும். குறுக்கே ஒன்று வந்துவிடு, ஒன்றே ஒன்று, நான் இருநூறு வரிவரைக்கும் காத்திருக்கிறேன் என்று குமுதவல்லி திரையோடு பேரம் பேசினாள். வந்தால் ஷமீனா அழுவாள். அழட்டுமே. நாலு வருஷம் ஐந்தாகும், அவ்வளவுதானே. ச்சே, என்ன மனசு இது, தன் கழுத்து தப்புவதற்காக இன்னொருத்தி அழ வேண்டும் என்று கேட்கிற மனசு. நூற்று முப்பது. இதைச் சொன்னால் என்ன ஆகும்? விசாரணை வரும், மெமோ வரும். அதுகூடப் பெரிசில்லை, அதைவிடப் பெரிசு, ஞானசுந்தரத்தின் முகம். "குமுதா கை பட்டா சுத்தம்" என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அறிமுகப்படுத்துவார், அவள் வேண்டாம் சார் என்று கூச்சப்படுவாள், உள்ளுக்குள் அது சர்க்கரையாக இனிக்கும். அந்த முகம் இனிமேல் அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கும். சகாயம் தொட்ட பொருளை அந்தக் கடைசி மாசம் எல்லோரும் இரண்டாவது தடவை துடைத்தார்களே, அந்த மாதிரி. அவளும்தான் துடைத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்தாள். நூற்று எண்பது. டிக். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? அறையில் இல்லை, யாரும் அசையவில்லை. ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மேஜையிலிருந்து ஸ்க்ரைபர் உருண்டு தரையில் விழுந்த சத்தம் அது. டிக் என்று ஒன்று, உடனே அதற்குப் பின்னாலேயே இன்னொரு டிக், ரொம்பச் சின்னதாக. குனிந்து எடுத்தாள், கோட்டுக் கையில் துடைத்தாள், டப்பாவில் வைத்தாள், சாப்பிடப் போனாள். லென்ஸ் ஒரு எட்டில் இருந்தது. அந்த இரண்டாவது டிக் எதுவென்று அவளுக்கு... இல்லை. காலையில்தான் தெரியும், காலையில் லென்ஸில் பார்த்த பிறகுதான். அதற்கு முன்னால் எப்படித் தெரியும்? மனசு அந்த இடத்துக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடியது, தயிர் வாங்க வேண்டும், வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டும், திரும்பவும் அங்கேயே வந்து இடித்துக்கொண்டு நின்றது. உங்களுக்குத் தெரியாதா அக்கா.

இருநூற்றைம்பது. பாதிப் படம் வந்துவிட்டது, ஒரு கோடு இல்லை. இப்படிப்பட்ட சுத்தத்தை அவளே பார்த்ததில்லை. எப்பேர்ப்பட்ட அழகு அது, வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குக் கண் கலங்கியிருக்கும். இப்போது உள்ளங்கை கையுறைக்குள் வியர்த்து வழுக்கியது. இன்னும் பாதி இருக்கிறது, பாதியில் எத்தனையோ வரலாம் என்று ஒரு குரல் சொன்னது, வராது என்று இன்னொரு குரல் சொன்னது, பதினொரு வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா, வருகிறதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும். ஷமீனாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்தால் சத்தம் கேட்கும் என்று அப்படியே விட்டிருந்தாள். ஞானசுந்தரம் மெதுவாக, தரை நோகாமல் இரண்டு அடி வைத்து வந்து, மேஜைமேல் இருந்த குறிப்பேட்டை எடுத்தார். ஊசி ஓடும்போது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் காட்டுவார்கள், அதுவும் அந்த அறையின் வழக்கம். எழுதினார், அவள் பக்கம் திருப்பினார். "சுத்தம்! அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. அவன் போனதும் தீட்டும் போச்சு." கீழே ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார். அறுபது வயசில் சிரிப்பு முகம் வரைகிற மனுஷர். பேனாவையும் அவளிடமே நீட்டினார், பதில் எழுதட்டும் என்று.

பேனாவை வாங்கினாள். தலையை ஆட்டி ஒரு சிரிப்பு முகம் வரைந்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது, கால்வாய்ப் பாலம்கூட அவசரமில்லை. சகாயம் என்று எழுதினாள். அதற்குக் கீழே கை போகவில்லை. எழுதினால் என்ன, எழுதினதைக் கிழிக்கலாம், அவர் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், "அப்புறம் பேசிக்கலாம் குமுதா" என்று எழுதிக் காட்டலாம், அப்புறம் என்கிற அந்த நாள் வராமலே போகலாம். ஷமீனாவுக்குத் தெரியாமலே போகலாம். படம் முடியட்டும், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், இன்னும் ஏழெட்டு நிமிஷம்தான். ஆனால் ஏழெட்டு நிமிஷத்தில் பம்பு ஓட ஆரம்பிக்கும், ஷமீனா கட்டிப்பிடித்துக்கொள்வாள், யாராவது இனிப்பு வாங்க ஓடுவார்கள், கோட்டைக் கழற்றி மாட்டுவாள், பையில் இருப்பது பையிலேயே இருக்கும். தன்னை அவளுக்குத் தெரியும். இப்போது சொல்லாவிட்டால் சொல்ல மாட்டாள்.

"சகாயம் இல்ல சார்."

அந்த அமைதியில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. திரையில் அப்போது விழுந்துகொண்டிருந்த வரி வெடுக்கென்று கோணிற்று. ஞானசுந்தரம் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். "ஷ்ஷ்!" அவருடைய அந்தச் சத்தத்துக்கும் அடுத்த வரி கோணிற்று. குமுதவல்லி பையிலிருந்து ஸ்க்ரைபரை எடுத்துக் குறிப்பேட்டின் மேல், அந்தச் சிரிப்பு முகத்தின் மேல் வைத்தாள். "அவன் இடுக்கியால எந்தச் சில்லையும் தொடல சார். இதுல வைரம் இல்ல, உதிர்ந்துபோச்சு. வெறும் எஃகு. இதாலதான் மூணு சில்லையும் நான் கீறினேன். இன்னிக்குக் கீறல. அதான் சுத்தமா வருது." ஷமீனா திரும்பினாள், நாற்காலி கிரீச்சென்றது. ஒருவரும் யாரையும் அடக்கவில்லை. ஞானசுந்தரம் ஸ்க்ரைபரை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. அவர் கண் ஒருமுறை அவள் கைக்கு வந்தது, ஒரு கணம் தயங்கியது, எதை நினைத்து அவள் பயந்தாளோ அதே தயக்கம்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

காலைலதான் சார் என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது பொய்யும் இல்லை. டிரேயில் இடுக்கி இருந்தது என்று சொன்னாளே, அந்த மாதிரி பொய் இல்லாதது.

"கீழ விழுந்த அன்னிக்கே சார். அஞ்சு மாசம் ஆச்சு. கல்லு தெறிச்ச சத்தம் கேட்டுச்சு. லென்ஸு பக்கத்துலயே இருந்துச்சு. பயந்துக்கிட்டு நான் பார்க்கல."

சொல்லி முடித்ததும் கால் நடுங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் அவள் முயற்சி செய்யவில்லை. ஞானசுந்தரம் ஸ்க்ரைபரைத் திரும்பக் குறிப்பேட்டின் மேல் வைத்தார். ஊசி மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் நடுவில் ஏழெட்டு வரி தாறுமாறாகக் கிடந்தது, அதற்குக் கீழே, நடுங்குகிற காலையும் மீறி, வரிசைகள் மறுபடியும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. குமுதவல்லி கையுறையைக் கழற்றினாள். போனை எடுத்து, மூன்று தடவை எடுக்காமல் விட்ட அந்த எண்ணைத் தேடினாள்.